கண் கூசாத உச்சிப்பொழுது

தருவைமேட்டு உப்பளத்துக்கு மேலே ரம்பப் பல் வைத்த அந்த வளைவு முதன்முதலாகத் தோன்றிய பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, உப்பு வாரிக்கொண்டிருந்த நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட அது தோன்றுவதைப் பார்க்கவில்லை. ஏனென்றால் உப்பளத்தில் யாரும் உச்சிவெயிலில் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மேலே ஒரு சூரியன், கீழே பாத்திக்கு ஒரு சூரியன் என்று முப்பத்திரண்டு பாத்திகளிலும் வெள்ளை கொதிக்கிற நேரத்தில், புருவம்வரை இழுத்துவிட்ட துண்டின் நிழலுக்குள் கண்ணை ஊசிக் காதளவு திறந்துவைத்து, கையிலிருக்கும் பலகையின் நுனியை மட்டும் பார்த்து இழுப்பதுதான் அவர்கள் பழகிய வேலை. முதலில் வித்தியாசத்தை உணர்ந்தவள் பதினேழாம் பாத்தியில் நின்ற மாசானம்மாள். முப்பது வருடமாக அந்த வேளைக்குத் தாரையாக வழிகிற அவளுடைய கண்ணீர் அன்றைக்கு வழியவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது. கண்ணை இன்னும் கொஞ்சம் திறந்தாள், வலிக்கவில்லை. முழுக்கத் திறந்தாள். உப்பு, தவிட்டுப்புறாவின் கழுத்து நிறத்தில் சாந்தமாகக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் அவள் தலையைத் தூக்கினாள்.

கடல்தண்ணீரைத் தேக்கிவைக்கும் கிழக்குத் தெப்பத்துக்கு மேலே, வானத்தில், உடைந்த வளையல் போல அது நின்றது. ஓரம் முழுக்கப் பல். ஒவ்வொரு பல்லின் விளிம்பிலும் மஞ்சளும் நீலமும் காய்ந்த எண்ணெய் போலத் துடித்தன. வளைவுக்கு உள்ளே வானமும் இல்லை, மேகமும் இல்லை, பார்வை போய்த் தங்கிவிடுகிற ஒரு சாம்பல் வெறுமை. ஒரு ஆள் உட்கார்ந்து சோறு தின்று எழுகிற நேரத்துக்குள் அது வளர்ந்து வளர்ந்து, மதிலும் கொத்தளமும் வைத்த கோட்டையாகி, முப்பத்திரண்டு பாத்திகளையும் தன் காலடிக்குள் எடுத்துக்கொண்டது.

"என்னத்த வாய் பாக்கிய? மழையா வருது?" என்று விசிலை ஊதிக்கொண்டே வந்த கங்காணி சேர்மதுரையும் பார்த்தார். விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டார். வெகுநேரம் நின்றார். பிறகு, "சரி, கண்ணு கூசலைன்னா தண்ணி குடிச்சிட்டு வாருங்க. அது பாட்டுக்கு நிக்கட்டும்" என்றார். உப்பளத்தில் அதைப் பற்றி நடந்த விசாரணை அவ்வளவுதான்.

வானத்தில் நின்றதைவிட வரப்பில் நின்றதைத்தான் அன்று அவர்கள் அதிகம் பார்த்தார்கள். வருடக்கணக்காக ஒரே பாத்தியில் எதிரெதிரே நின்று வாரியவர்கள், உச்சிப்பொழுதில் ஒருவர் முகத்தை ஒருவர் அதுவரை கண்டதில்லை. சாயங்காலத்து முகம் வேறு, அது களைத்து வீட்டுக்கு ஓடுகிற முகம்.

"ஏட்டி இசக்கித்தாயி, ஒனக்குத் தாடையில மச்சமா இருக்கு?" என்றாள் மாசானம்மாள்.

"பொறந்ததுல இருந்து இருக்கு மதினி."

"இம்புட்டு நாளும் உப்பு ஒட்டியிருக்குன்னுல்லா நெனச்சேன்!"

"நான் மட்டும் என்ன, ஒங்கள உப்பு மூட்டைன்னுதான் நெனச்சேன்" என்றாள் இசக்கித்தாய். அந்தச் சிரிப்பு வரப்பு வரப்பாகத் தாண்டித் தெப்பக்கரை வரைக்கும் போயிற்று.

அதே நேரத்தில், உப்பளத்துக்கு ஒரு மைல் தள்ளி, சன்னலுக்குச் சாக்கு அடைத்த ஒரு வீட்டுக்குள், நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தார் தவசிக்கனி. உப்பளத்தில் அவருக்கு டிகிரி பார்க்கிற வேலை. பாத்தியில் தண்ணீர் எவ்வளவு முற்றியிருக்கிறது, எப்போது உப்பு பூக்கும், எப்போது வாரலாம், எப்போது கசப்புத் தண்ணீரை வடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். நீளமான கண்ணாடிக் குவளையில் பாத்தித் தண்ணீரை மொண்டு, கையில் பிடித்தால் கடல்காற்றுக்கு ஆடும் என்பதால் வரப்பின் மேல் வைத்து, அதற்குள் கோடு போட்ட டிகிரிக் குழலை மிதக்கவிட்டு, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று பார்ப்பார். கண்ணும் தண்ணீரும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் கணக்குச் சரியாக வரும். அதற்காக மண்டிபோட்டு, தலையை இடப்பக்கம் சரித்து, கன்னம் வரப்பு மண்ணைத் தொடுகிற அளவுக்கு இறக்கி, வலது கண்ணை இறுக மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்ப்பார். பாத்திக்கு இரண்டு முறை, முப்பத்திரண்டு பாத்திக்கும், இருபத்தாறு வருடமாக. மண்டியில் இல்லாதபோதும் அவர் அப்படியேதான் இருந்தார்: தலை ஒருபக்கம் சரிந்து, வலது கண் மூடி. அவர் காதில் விழாத தூரத்தில் வைத்து, 'ஒத்தக்கண்ணு டிகிரி' என்று அவரைச் சொன்னார்கள்.

அவருடைய தலைவலி, வலியாக ஆரம்பிப்பதில்லை. இடது கண்ணின் ஓரத்தில் கடுகளவு வெளிச்சம் ஒன்று முதலில் வந்து உட்காரும். அது பல் முளைத்து, வளைந்து, பார்க்கிற எல்லாவற்றின் மேலும் ஏறி நிற்கும். தலையைத் திருப்பினால் கூடவே திரும்பும், கண்ணை மூடினால் இமைக்குள்ளேயும் எரியும். இருபது நிமிடத்தில் அது விலகிப் போகும். பிறகு இடது பொட்டில் உளியை வைத்து ஒரு ஆள் பொறுமையாகக் கொத்த ஆரம்பிப்பான். வெளிச்சம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது, மனைவி ராஜபுஷ்பத்தின் கொலுசுச் சத்தம் ஆகாது. அவள் கொலுசைக் கழற்றிப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. நரம்பு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை பாதியைக் குறைக்கும். மீதியை அவர் சுவரில் சாய்ந்து தீர்க்க வேண்டும். படுத்தால் கூடுகிற வலி அது. அவர் நெற்றியும் தைலமும் பட்டுப்பட்டு அந்தச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எண்ணெய்க் கறை படிந்திருந்தது. அந்தக் கறையில் சாய்ந்துகொண்டுதான் அவர் தன்னையே கேட்டுக்கொள்வார்: எந்தப் பாத்திக்குத் தவறான டிகிரி சொன்னோம், யாருடைய உழைப்பைக் கசப்பாக்கினோம், எதற்காக இது நமக்கு?

இரண்டையும் சேர்த்துப் பார்த்தவள் ராஜபுஷ்பம். வளைவு தோன்றத் தொடங்கிய பின் நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ அவருக்கு வலி வந்த அன்று, ஐஸ்கட்டி வாங்கத் தெருவில் இறங்கியவள், கிழக்கே வானத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணமான புதிதில், "அது எப்பிடித்தான் இருக்கும், சொல்லுங்களேன்" என்று அவள் கேட்டபோது, அவர் தண்ணீரில் விரலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் வரைந்து காட்டிய அதே வளைவு, அதே பல். பத்தாவது பல்லுக்குப் பிறகு அவர் கொஞ்சம் இடைவெளி விட்டு வரைந்தாரே, அந்த இடைவெளிகூட இருந்தது. ஐஸ்கட்டி அவள் கையிலேயே கரைந்து முழங்கை வழியாகச் சொட்டியது. புருசன் தலைக்குள் இத்தனை வருடமாக இருந்தது இவ்வளவு பெரியதா என்று முதலில் நினைத்தாள். இவ்வளவு அழகா என்று தோன்றியபோது, அதற்காக வெட்கப்பட்டாள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவர் லீவு சொல்கிற நாளும் கோட்டை நிற்கிற நாளும் ஒன்றாக இருப்பதை சேர்மதுரையின் வருகைப் பதிவேடு சொல்லிவிட்டது. ஒரு வாரத்துக்குள் தருவைமேடு முழுவதும் அதை அறிந்துகொண்டது. அறிந்துகொண்ட பின், மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர்கள் அதைப் பற்றி யோசிக்காமல் இருப்பதுபோல, இருக்கத் தொடங்கியது. கோட்டை வருகிற நாளில் கோர்க்கலாம் என்று பெண்கள் பூவை மடியில் கட்டிக்கொண்டு அளத்துக்கு வந்தார்கள். ஊசியில் நூல் கோர்க்க முடியாதென்று கைவிட்ட துணிகளை வரப்பில் உட்கார்ந்து தைத்தார்கள். பெண் பார்க்கும் சடங்கு ஒன்று பன்னிரண்டாம் பாத்தி வரப்பில் நடந்து முடிந்தது. இந்த வெளிச்சத்தில் பார்த்தால் முகத்தில் பொய் இருக்காது என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னாள். மாதா கோயில் பங்குச் சாமியார் அதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் ஒன்றும் சொல்லாமல், திங்கட்கிழமை தனியாக சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனார். சுடலைமாடன் கோயில் பூசாரி தன் பங்குக்கு அதற்கு ஒரு தேங்காய் உடைத்தார். பட்டணத்திலிருந்து மூன்று பேர் கருவிகளோடு வந்து படம் பிடித்தார்கள்; படத்தில் வெறும் வெள்ளை மட்டுமே விழுந்தது. "இதுல ஒண்ணுமே இல்லையே" என்று அவர்கள் சொன்னார்கள், கண் கூசாமல் அந்தப் படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே.

மாசானம்மாளுக்குக் கண்ணின் சிவப்பு போயிற்று. ஒவ்வொரு வருடமும் கண் முகாமில் எழுத்துப் பலகைக்கு முன்னால் தலைகுனிந்து நின்றவள், அந்த வைகாசியில் மூன்று வரி படித்துவிட்டு, "இன்னும் இருந்தாக் காட்டு" என்றாள்.

இதில் அவர்கள் செய்த தவறு ஒன்றுதான். தலைவலியை அவர்கள் தலைவலி என்றே நினைத்தார்கள். வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களுக்குத் தலைவலி ஒரு நோயா? துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாருவார்கள், சாயங்காலம் ஒரு கடுங்காப்பியில் போய்விடும். அப்படியொரு தலைவலியை அண்ணாச்சி நமக்காகப் பட்டுக்கொள்கிறார் என்று நன்றி பொங்கிப்போய், ஆனி மாதம் வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில், அவரும் ராஜபுஷ்பமும் ஒரு சாவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பதினைந்து பேர் கூடி அவருடைய வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். தங்களுக்குத் தெரிந்ததிலேயே உயர்ந்த மரியாதை அதுதான். நல்ல சிப்பிச் சுண்ணாம்பை நீற்றி, நீலம் கலந்து, உள்ளும் வெளியும் மூன்று பூச்சு அடித்து, சன்னலில் அடைத்திருந்த அழுக்குச் சாக்கையும் எடுத்து எறிந்துவிட்டுப் போனார்கள். சுவரில் இருந்த எண்ணெய்க் கறை மட்டும் எத்தனை பூசினாலும் மறையாமல் மேலே மேலே வந்தது. அதை அவர்கள் விட்டுவிட்டார்கள்.

சாவு வீட்டிலிருந்து வந்து கதவைத் திறந்த தவசிக்கனி, தன் வீட்டுக்குள் ஒரு உப்புப் பாத்தி எழுந்து நிற்பதைப் பார்த்தார்.

கோட்டை அந்த முறை மூன்று நாள் நின்றது. உப்பளத்தில் அது திருவிழாவாக இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், ஒரு தூக்கு நிறையப் பாயசத்தை எடுத்துக்கொண்டு மாசானம்மாள் அவர் வீட்டுப் படியேறினாள். ராஜபுஷ்பம் வாசலிலேயே வழிமறித்தாள். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட அந்த வீட்டில் அனுமதி இல்லை. மூச்சாகவே பேசினாள்.

"உள்ள வந்து பாருங்க மதினி. பாத்துட்டு அந்தப் பாயசத்தக் குடுங்க."

மாசானம்மாள் எட்டிப் பார்த்தாள். தலைக்கு மேல் போர்வையைப் போர்த்துக்கொண்டு, சுவரில் கறைக்கு நேராக நெற்றியை வைத்து, ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். காலடியில் வாந்திச் சட்டி. கை இரண்டும் சுவரைத் தள்ளுவதுபோல விரிந்திருந்தன. அவர் முனகக்கூட இல்லை. முனகினால் அந்தச் சத்தம் தலைக்குள் போய் இடிக்கும் என்று பழகியிருந்தார்.

மாசானம்மாள் தூக்கைத் திரும்பக் கொண்டுபோனாள். வழியில் எங்கேயோ பாயசத்தைக் கொட்டினாள். அளத்துக்கு வந்து, வானத்தில் நின்ற அந்தப் பேரழகின் கீழே, யார் முகத்தையும் பார்க்காமல் புருவம்வரை துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாரினாள்.

ராஜபுஷ்பம் வெள்ளையின் மேல் சாணிக்கரைசலைப் பூசினாள்; கறை அதற்கும் மேலே வந்தது. அடுத்த வாரமே அவரைப் பட்டணத்துக்கு அழைத்துப் போனாள். ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் பிசியோதெரபி செய்கிற ஒரு பெண் இருப்பதாக நரம்பு டாக்டரே சொல்லியிருந்தார். பெயர் ஷெர்லின், மார்த்தாண்டத்துப் பெண், முப்பது வயது இருக்காது.

"டாக்டரம்மா, வலி மண்டைக்குள்ள இருக்கு" என்றார் தவசிக்கனி, அவள் கழுத்தைத் தொட்டதும்.

"நான் டாக்டரம்மா இல்ல அங்கிள், ஷெர்லின். தலைக்கிப் பொறவு வாறேன். இந்தக் கழுத்த எதுக்கு இப்பிடிச் சரிச்சு வச்சிருக்கிய? யாருட்டயாவது ரகசியம் கேக்கியளா?"

"நேராத்தானம்மா வச்சிருக்கேன்."

அவள் அவரைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திக் காட்டினாள். நேராக இருப்பதாக அவர் நம்பியிருந்த உலகம் அத்தனையும் கண்ணாடியில் ஒருபக்கம் சாய்ந்து நின்றது.

பிறகு அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து, மண்டையும் கழுத்தும் சேருகிற பள்ளத்தில் எட்டு விரல்களையும் கொடுத்து, அவர் தலையை அப்படியே தன் கைகளில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாள். அமுக்கவில்லை, தேய்க்கவில்லை. காத்திருந்தாள். "இங்க ஒரு முடிச்சு இருக்கு அங்கிள். கல் உப்பு மாதிரி. ஒங்க ஒத்தத் தலைவலிய அடியோட எடுத்துருவேன்னு நான் சொல்ல மாட்டேன், அந்த மாத்திரைய விட்டுராதீங்க. ஆனா அத எழுப்பி விடுகது இந்த முடிச்சுதான். இத நாம கரைச்சிரலாம். தலைய எனக்குக் குடுங்க. நீங்களே பிடிச்சிட்டுக் கிடக்காதீங்க."

எப்படிக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து, எந்த நொடியில் என்று தெரியாமலே, கொடுத்துவிட்டார். ஒரு தலை இவ்வளவு கனமா, இதையா ஐம்பத்திரண்டு வருடமாகத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்தோம் என்று தோன்றியதும், இரண்டு கண்ணின் ஓரத்திலிருந்தும் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. "எல்லாரும் அழுவாங்க அங்கிள்" என்றாள் ஷெர்லின், சுவரைப் பார்த்துக்கொண்டு.

வாரம் இரண்டு முறை போனார். வீட்டில் தாடையை உள்ளே இழுத்துப் பத்து எண்ணுவது, சுருட்டிய துண்டைக் கழுத்துக்கு அடியில் கொடுத்துப் படுப்பது, தோள்களைப் பின்னுக்குச் சேர்ப்பது என்று அவள் சொன்னதையெல்லாம் ராஜபுஷ்பம் எதிரே நின்று செய்யவைத்தாள். மாதத்தில் எட்டு முறை வந்த வலி ஐந்தானது, மூன்றானது. ஒருநாள் தாளிக்கிற வாசனை நன்றாக இருந்தது. ஒருநாள், "புஷ்பம், அந்தக் கொலுசு எங்க?" என்று கேட்டார். அவள் பெட்டியைத் திறந்து அதைத் தேடாமல், வெகுநேரம் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உப்பளத்தில் கோட்டை சிறுத்தது. கொத்தளங்கள் போயின, மதில் போயிற்று, வளையலானது. பிறகு வெட்டிப்போட்ட நகத்துண்டு அளவுக்குத் தெப்பத்தின் மேல் கொஞ்சநேரம் நின்று கலைந்தது. மாசானம்மாளின் கன்னத்தில் மறுபடியும் கண்ணீர் வழிய ஆரம்பித்தது.

ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார், சண்டைகூடப் போட்டிருப்பார். அவர் குவளையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வரும்போது அவர்கள் ஒதுங்கி வழிவிட்டு, "நல்லாருக்கியளா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்கள். அந்த 'நல்லாருக்கியளா' அவரைத் தின்றது. நாற்பத்தொரு பேர், எண்பத்திரண்டு கண். இந்தப் பக்கம் ஒரு தலை. எனக்கு வலி இல்லாத ஒரு நாளுக்கு இவர்கள் எல்லாரும் ஏன் கண்ணீர் விட வேண்டும்? சரி, எனக்கு வலிக்கத்தான் வேண்டுமென்று யார் முடிவு செய்தது? இரண்டு கேள்விக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவர் உள்ளுக்குள் இழுபட்டார். கடைசியில், யாருக்கும் சொல்லாமல், குவளையை வரப்பின் மேல் வைக்காமல் வரப்புக்குக் கீழே, இன்னும் தாழ்வாக வைத்துப் பார்க்கத் தொடங்கினார். கன்னம் சேற்றில் படுகிற அளவுக்குக் கழுத்தை ஒடித்தார். வீட்டில் மனைவிக்கு முன்னால் நிமிர்த்திய கழுத்தைப் பாத்தியில் வந்து சரித்தார். ஷெர்லினிடம் போவதை இரண்டு முறை தவறவிட்டார். மூன்றாம் முறை செல்போனை அணைத்து வைத்தார். கோட்டை மறுபடியும் வளர்ந்தது.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல், ராஜபுஷ்பத்தோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள் ஷெர்லின். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வரப்பு வழியாக நடந்து வந்தவள், பதினேழாம் பாத்தியோரம் சேற்றில் கன்னத்தை வைத்துக் கிடந்தவரைப் பார்த்து நின்றாள். அவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு மாசம்" என்றாள் அவள். "ரெண்டு மாசம் ஒங்க தலைய என் கையில வச்சிருந்தேன். நான் கரைச்சத நீங்க இங்க வந்து திரும்பக் கட்டுதிய. வேணும்னே கட்டுதிய. வலி வேணும்னு ஆசப்படுக ஒரு ஆள நான் இப்பதான் பாக்கேன்."

"வேலை அப்பிடி அம்மா" என்றார் அவர், சரிந்த தலையோடு.

"வேலை வரப்புக்கு மேல. இது வரப்புக்குக் கீழ."

சுற்றிலும் பலகைச் சத்தம் நின்றுபோயிருந்தது. மாசானம்மாள் பாத்திக்குள்ளிருந்து ஏறி வந்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அது வெயிலுக்கு வழிந்ததா என்று யாருக்கும் தெரியாது.

"எய்யா" என்றாள். "எங்களுக்காவயா?"

அவர் குவளையில் இருந்த தண்ணீரைப் பாத்தியில் ஊற்றினார். டிகிரிக் குழலைத் துடைத்து உறையில் போட்டார். மாசானம்மாள் அவரையே பார்த்தாள்; பார்த்தாள் என்றால், அந்த வெயிலில் பார்க்க முடிந்த அளவுக்கு. பிறகு ஷெர்லின் பக்கம் திரும்பினாள்.

"இவரு குனியாம இருக்கணும்னா குவளை எம்புட்டு உசரத்துல இருக்கணும் தாயி?"

"கண்ணு உசரத்துல" என்றாள் ஷெர்லின்.

மறுநாளிலிருந்து ஐந்து நாள் ராஜபுஷ்பம் அவரை வேலைக்கு விடவில்லை. கொழுந்தியாள் வீட்டுக்கு, கோயிலுக்கு, பிசியோவுக்கு என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லி இழுத்துப் போனாள். உப்பளத்திலிருந்தும் ஏன் வரவில்லை என்று ஆள் வரவில்லை. அவர் மத்தியானம் தூங்கிய ஒரு நேரம் யாரோ வீட்டுக்குள் வந்து போனது போல அவருக்கு ஒரு நினைவு. கேட்டதற்கு, "கனவு கண்டிருப்பிய" என்றாள் ராஜபுஷ்பம்.

புதன்கிழமை காலை பதினோரு மணி வெயிலில் அவர் உப்பளத்துக்குள் நுழைந்தபோது, பாத்திக்கு ஒன்றாக முப்பத்திரண்டு உடைமரக் கம்புகள் வரப்புகளில் நட்டு நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிறிய பலகை அறைந்திருந்தது. தேய்ந்து ஒதுக்கப்பட்ட உப்பு வாரும் பலகைகள் அவை. யார் யாருடைய கை எந்தெந்த இடத்தில் பிடித்திருந்தது என்று தழும்பு இன்னும் இருந்தது. கம்புகள் அத்தனையும் ஒரே உயரம்.

"யாரு இது..." என்று அவர் ஆரம்பித்தார்.

சேர்மதுரை தொண்டையைச் செருமினார். "கம்பெனிக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் நான் சொல்லிக்கிடுதேன். நீரு பாத்திக்குப் போவும்."

"உசரம் எப்பிடித் தெரிஞ்சுது?"

இசக்கித்தாய்தான் சொன்னாள்: "ஒங்க வீட்டுச் செவத்துல, நாங்க வெள்ளையடிச்சப்ப மறையாமக் கெடந்துச்சே ஒரு கற. மாசானம் மதினி கயித்தப் பிடிச்சு அளந்துட்டு வந்தாவ. கறையில இருந்து நாலு வெரக்கட கீழ, கண்ணு."

அவர் முதல் கம்புக்குப் பக்கத்தில் போய் நின்றார். வலி தாங்காமல் நெற்றியை வைத்து நின்ற உயரத்தை, யாரோ சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துவந்து முப்பத்திரண்டு முறை நட்டிருந்தார்கள். இது தங்கள் கண்ணைத் திரும்ப வெயிலுக்குக் கொடுக்கிற காரியம் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் ஆழமாக நட்டிருந்தார்கள். பிடித்து ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. இருபத்தாறு வருடம், ஒரு கம்பு நடலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அந்தக் கேள்விக்கு மட்டும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

பதினேழாம் பாத்தியில் தண்ணீரை மொண்டு, குவளையைப் பலகையின் மேல் வைத்தார். குழலை மிதக்கவிட்டார். குனியவில்லை. தாடையை உள்ளே இழுத்து, தலையைக் கழுத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்தியபோது, மண்டையும் கழுத்தும் சேருகிற பள்ளத்தில் ஏதோ ஒன்று, தண்ணீரில் விழுந்த கல் உப்பு கடைசியாக ஒருமுறை இளகுவது போல, இளகியது. தண்ணீர் இருபத்தைந்தாம் கோட்டில் நின்றது.

அப்போது இடது கண்ணின் ஓரத்தில் கடுகளவு வெளிச்சம் வந்து உட்கார்ந்தது.

கை தானாகவே சட்டைப்பையில் இருந்த மாத்திரைக்குப் போயிற்று. பல் முளைத்தது, வளைந்தது. உளிக்காரனுக்காக அவர் காத்திருந்தார். பழக்கத்தில் தலையைத் திருப்பினார்; இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக அது கூடவே திரும்பவில்லை. கண்ணை மூடினார், இமைக்குள் இருட்டு, வெறும் இருட்டு, குளிர்ந்த இருட்டு. இரண்டு கண்ணையும் திறந்தபோது அது அவரை விட்டு இறங்கிப்போய்க் கிழக்குத் தெப்பத்தின் மேல் நின்றது. அதைச் சுமந்தவருக்கு அதன் உயரம் தெரிந்திருக்கவில்லை. மதிலுக்கு மேல் மதிலாக, கொத்தளத்துக்கு மேல் கொத்தளமாக, மஞ்சளும் நீலமும் விளிம்பில் துடிக்க, அது வானத்தின் பாதியை எடுத்துக்கொண்டு எழும்பியது. அதன் அடியில் முப்பத்திரண்டு பாத்தி உப்பும் தவிட்டுப்புறா நிறத்துக்கு அடங்கியது. வலி இல்லை. எங்கேயும் இல்லை. அவர் வாய் திறந்திருந்தது. இதையா நாம் சாக்கு அடைத்துச் சன்னலுக்கு வெளியே நிறுத்தினோம், இதுவா நம் மண்டைக்குள் இடம் போதாமல் முட்டியது என்று, பயமும் பணிவுமாக அவர் நின்றார்.

ஒருவரும் உப்பு வாரவில்லை. பூக் கோர்க்கவில்லை, துணி தைக்கவில்லை. இது போகப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. துண்டுகளைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வரப்பு வரப்பாக நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாசானம்மாள் அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். அவள் கண்கள் முழுக்கத் திறந்திருந்தன. கருவிழியைச் சுற்றி உப்புப் பூத்தது போல ஒரு வெண்ணிற வட்டம் இருந்தது. இத்தனை வருடம் பதினேழாம் பாத்திக்கு டிகிரி சொன்னவர் அதை இப்போதுதான் பார்த்தார். அவள் அவர் முகத்தை, ஏதோ தொலைந்து கிடைத்த பொருளைப் பார்ப்பதுபோல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தாள்.

"எய்யா, ஒமக்கு ரெண்டு கண்ணா?" என்றாள்.

"ரெண்டுதான்" என்றார் தவசிக்கனி.

"ஒண்ணு போலயே இருக்கு."

கோட்டை மேலிருந்து கலையத் தொடங்கியது. முதலில் கொத்தளம், பிறகு மதில், பிறகு பல் பல்லாக; கடைசிப் பல் தெப்பத்துத் தண்ணீரில் இறங்கும் வரைக்கும் இரண்டு பேரும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு பாத்திகளில் வெள்ளை திரும்ப ஏறியது. மாசானம்மாள் துண்டை உதறித் தலையில் போட்டு, புருவம்வரை இழுத்துவிட்டு, பலகையை எடுத்தாள். கண்ணீர் தாரையாக வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"பதினேழு என்ன டிகிரி?"

"இருபத்தஞ்சு. வாரலாம்."

"சரி, பதினெட்டப் பாரும்" என்றாள். இரண்டு அடி போய், திரும்பாமலே சொன்னாள்: "நிமிந்து பாரும்."